இரண்டு ஞாயிறுகளின் கல்லறை மேடு

ஓர்லீனா ஸ்டர்ஜிலின் நாக்கைப் பற்றி ஸ்லேட்டி ஓடை என்ற சுரங்க ஊர்க்காரர்கள் பெருமையாகத்தான் பேசுவார்கள், அது தங்கள் பக்கம் திரும்பாதவரை. பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் பீன்ஸும் சோள ரொட்டியும் பரிமாறும் வரிசையில் தலைமை ஆசிரியரும் தட்டேந்தி நிற்பார். உப்புக் குறைவு என்று அவர் ஒரே ஒருமுறை சொன்னார். "உங்க பேச்சுல இருக்கிறத விட ஜாஸ்தியாத்தான் போட்டிருக்கேன் சார்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு உப்பு சரியாகவே இருந்தது.

பத்தாம் வகுப்போடு அவள் படிப்பு முடிந்தது. டென்சில் என்பவனைக் கட்டிக்கொண்டாள். கார் தொழிற்சாலையில் வேலை என்று ஓஹையோ போனவன் அங்கேயே தங்கிவிட்டான். "கார் கதவு மாட்டப் போனான். வீட்டுக் கதவைச் சாத்திட்டான்" என்று அந்தக் கதையை அவள் இரண்டே வரியில் முடித்துவிடுவாள். அழுததை யாரும் பார்க்கவில்லை. அவள் கைபட்ட எதுவும் கோணலாக இருக்காது. கொடியில் துணி காய்ந்தால் காலுறைகூட ஜோடி ஜோடியாகக் காயும். அவள் அம்மா டெல்ஃபியாவின் கல்லறையைப் பார்த்தால் அது தெரியும். மழை கரைத்த மண்ணை வருஷந்தோறும் குவித்து, ஓடையிலிருந்து வெள்ளைக் கூழாங்கல் பொறுக்கி வந்து ஓரம் கட்டி, ஒரு புல்லை விடாமல் பிடுங்கி வைத்திருப்பாள். தலைமாட்டில் பேர் வெட்டாத ஓடைப் பாறை ஒன்று. அம்மா செத்த அன்று ஓடைக்குள் முழங்கால் நனைய நின்று ஓர்லீனாவே தேர்ந்தெடுத்த பாறை அது. பேர் வெட்டக் காசில்லை. பிறகு காசு வந்தபோது, "அம்மா பேரு எனக்குத் தெரியும். தெரியாதவனுக்கு எதுக்குத் தெரியணும்?" என்று விட்டுவிட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரு நாள் பதில் வரும் என்று அவள் நினைக்கவில்லை.

கல்லறை மேடு ஓடைக்கு மேலே, மலைத் தோளில் இருக்கிறது. அங்கே இருப்பது ஒரே ஒரு குடும்பம்தான், ஆனால் நடுவில் முள்கம்பி ஓடுகிறது.

கம்பி வந்த கதை இதுதான். ஓர்லீனாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது சுரங்கத்தில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அவள் அப்பா ஆன்சல் வாசலில் கொடி பிடித்து நின்றார். அவருடைய தம்பி ஃபாரிஸ் அதே வாசல் வழியாக, அண்ணன் முகத்தைப் பார்க்காமல், கம்பெனி லாரியில் உள்ளே போனார். அன்றிலிருந்து ஆன்சல் வீட்டில் அந்த மனிதருக்குப் பேர் கிடையாது. கருங்காலி, அவ்வளவுதான். ஆன்சல் வீட்டில் மாவைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பு என்று குடித்தார்கள். ஃபாரிஸ் வீட்டில் பன்றி இறைச்சி வதங்கும் வாசனை ஓடை முழுக்க அடித்தது. வேலைநிறுத்தம் தோற்றது, ஆனால் வாசனை மட்டும் மூக்கை விட்டுப் போகவில்லை.

ஃபாரிஸ் செத்தபோது கம்பெனி தன் செலவில் பளபளக்கும் கருங்கல் ஒன்றை நட்டது. "உண்மையுள்ள ஊழியர்" என்று அதில் வெட்டியிருந்தது. ஆன்சல் மறுநாளே கம்பிச் சுருளோடு மேடேறி நடுவில் வேலி போட்டார். தான் செத்ததும் வேலிக்கு மேல்புறம் படுத்துக்கொண்டார். இறந்தவர்களின் குழிகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, ஜெபம் பண்ணி, அங்கேயே விரிப்பு போட்டுச் சாப்பிடும் அலங்கார ஞாயிறும் இரண்டாகப் பிளந்தது. மேல்புறத்தார் மே மாதக் கடைசி ஞாயிறு வருவார்கள். கீழ்ப்புறத்தார் ஜூனில் இரண்டாவது ஞாயிறு வருவார்கள். அவர்கள் வறுத்த கோழி இவர்கள் நாய்க்குக்கூடக் கிடைக்காதபடி பார்த்துக்கொண்டார்கள்.

கீழ்ப்புறத்துக்குத் தலைவி ஃபாரிஸின் மகள் வெர்டி. ஓர்லீனாவுக்கு ஒரு வயது இளையவள், ஓடை முடியும் இடத்தில் அழகு நிலையம் வைத்திருப்பவள். ஊரில் பாதிப் பெண்களின் தலைமுடி அவள் கையில். மற்றப் பாதி ஓர்லீனா கட்சி. அவர்கள் தங்கள் முடியைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள். பார்த்தாலே தெரியும்.

இனி கம்பெனி. அதற்கு இதுவரை மூன்று பேர்கள் மாறிவிட்டன. கடன்காரன் மீசை வைத்துக்கொள்வது மாதிரி, ஒவ்வொரு முறை ஓடை நாறியபோதும் ஒரு புதுப் பேர். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அதன் சுரங்க உரிமம் முடியும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பார்கள். முடிந்ததை ஸ்லேட்டி ஓடையில் யாரும் பார்த்ததில்லை, புதுப்பித்ததை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். புதுப்பிக்கும் முன் சுற்றுச்சூழல் நிலையை ஆராய வேண்டும் என்பது சட்டம். ஆராய்வதற்கு ஆள் அனுப்புவது கம்பெனி. சம்பளம் கொடுப்பதும் கம்பெனி. மாமியார் சமையலுக்கு மருமகள் மார்க் போடுவது மாதிரியான ஆராய்ச்சி.

இந்த முறை வந்தவன் ஓர் இளைஞன். அவன் பூட்ஸில் ஒரு பொட்டு சேறு கிடையாது. ஸ்லேட்டி ஓடையில் மார்ச் மாதத்தில் சேறு படாமல் நடக்க இயேசுவால்கூட முடியாது. இவனால் முடிந்தது, வண்டியை விட்டு இறங்கினால்தானே சேறு படும்? ஓர்லீனா பார்த்ததும் "சலவை பூட்ஸ்" என்று பேர் வைத்துவிட்டாள். வாசற்படியை ஒட்டி வண்டியை நிறுத்தியவன் உள்ளிருந்தபடியே ஒரு வரைபடத்தைப் பிரித்தான்.

"மேடம், மேட்டு மேல 'ஃபாரிஸ் ஸ்டர்ஜில் கல்லறை'ன்னு இதுல ஒரு புள்ளி போட்டிருக்கு. அப்படி ஒண்ணு இருக்கா?"

ஓர்லீனாவுக்கு உச்சந்தலை சூடேறியது. மேடு அப்பாவுடையது. அப்பா மூத்தவர். வரைபடக்காரன் எவனோ பளபளப்புக் கல்லைப் பார்த்துக் கருங்காலி பேரை எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

"அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது."

"நிச்சயமா?"

"பைபிள் கொண்டாரவா? சத்தியம் பண்ணித் தரேன்."

கல்லறைக்கு நூறு அடிக்குள் சுரங்கம் தோண்டக்கூடாது என்பது சட்டம். இதை அவள் அறிவாள், ஊரே அறியும். ஆனால் அந்த நிமிஷத்தில் அவள் காதில் சட்டம் எதுவும் ஒலிக்கவில்லை. அந்தப் பேர் ஒன்றுதான் ஒலித்தது.

சலவை பூட்ஸ் வண்டியில் கிடந்த பழைய வரைபடம் ஒன்றை எடுத்தான். அதில் அதே புள்ளிக்கு "ஆன்சல் ஸ்டர்ஜில் கல்லறை" என்று பேர். இதையும் கேட்டுவிடலாம் என்று அடுத்த வாசலில் நிறுத்தினான். அடுத்த வாசல் வெர்டியுடையது. உள்ளே ஒருத்தி தலைக்குச் சாயம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வழியாகத்தான் அந்தப் பேச்சு வெளியே வந்தது.

"ஆன்சல் கல்லறையா? எங்க பக்கத்துல அப்படி ஒண்ணும் இல்லப்பா. யாராவது நாலு ஓடக்கல்ல உருட்டி வச்சிருப்பாங்க. ஓடக்கல்லுக்கெல்லாம் ஜெபம் பண்ண முடியுமா?"

மேட்டுக்கு ஏறும் பாதையில் சேறு. எனவே சலவை பூட்ஸ் ஏறவில்லை. ஒரு வீட்டு இல்லையையும் இன்னொரு வீட்டு இல்லையையும் சேர்த்து முழுசாக ஓர் இல்லை செய்துகொண்டு போனான். இரண்டு பெண்களும் ஆளுக்கு ஒரு வாரம் தங்கள் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஏப்ரலில் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. உரிமம் புதுப்பிக்கப்படும், ஆட்சேபம் உள்ளவர்கள் நீதிமன்றக் கட்டடத்தில் வந்து பார்க்கலாம் என்று. ஓர்லீனா ஒவ்வொரு முறையும் போகிறவள். கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது, வெடி வைப்பதால் சுவர் விரிசல் விடுகிறது என்று எழுதிக் கொடுப்பாள். கொடுத்தது எங்கே போகும் என்று கேட்கமாட்டாள். இந்த முறையும் போய் அந்தச் சுற்றுச்சூழல் அத்தியாயத்தைத் திறந்தாள். மரங்கள்: சாதாரண வகை. பறவைகள்: வந்து போகின்றன. ஓடை: நிறம் அவ்வப்போது மாறும். அந்த ஓடை அவள் கல்யாணத்துக்கு முன்பே ஆரஞ்சு நிறமாகி, அதன் பிறகு ஒருநாளும் மாறவில்லை. அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். கல்லறைகள்: இல்லை. அருகில் வசிக்கும் இரு குடும்பத்தாரும் நேரில் உறுதி செய்தனர். கீழே இரண்டு பேர்கள். முதல் பேர் அவளுடையது.

இணைத்திருந்த வரைபடத்தில், இலையுதிர் காலத்தில் வெட்டப் போகும் பகுதிக்குச் சாய்கோடு போட்டிருந்தது. கோடு மேட்டின் மேலேயே ஓடியது. அம்மா அந்தக் கோட்டுக்கு அடியில் இருந்தாள்.

ஓர்லீனா ஆட்சேபம் எழுதினாள். மாநில சுரங்க அலுவலகத்திலிருந்து ஹார்லன் பிக்ஸ் என்ற அதிகாரி வந்தார். இவருக்கு மேடேற மனசிருந்தது, மூச்சில்லை. வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஒருவழியாக ஏறினார். கம்பெனி வக்கீலும் கூட வந்தார். கீழ்ப்புறத்துக் கருங்கல்லைப் பார்த்ததும் வக்கீல் ஒப்புக்கொண்டார்.

"இது ஒண்ணு இருக்கு, மறுக்கல. குடும்பம் சம்மதிச்சா எங்க செலவுலயே டவுன் கல்லறைப் பூங்காவுக்கு மாத்திடறோம். இதவிடப் பெரிய கல்லா வச்சுத் தரோம். வெர்டி மேடத்துக்கிட்ட பேசியாச்சு."

"இந்தப் பக்கம்?" என்றாள் ஓர்லீனா.

வக்கீல் வேலி தாண்டி எட்டிப் பார்த்தார். கூழாங்கல் கரை, துடைத்த மண், வரிசையாகப் பாறைகள். "பேர் ஏதும் இல்லியே. மலைன்னா பாறை இருக்கத்தானே செய்யும்?"

"பாறை தன்னால வரிசையில வந்து நிக்குமா? உங்க ஆபீஸ்ல நிக்குதா?"

"நீங்களே கல்லறை இல்லைன்னு சொல்லியிருக்கீங்க மேடம். சத்தியம் பண்றேன்னு கூட."

ஓர்லீனா குனிந்து, கரையிலிருந்து விலகியிருந்த ஒரு கூழாங்கல்லை மறுபடி வரிசையில் வைத்தாள்.

இறங்கி வரும்போது அதிகாரி பிக்ஸ், வக்கீல் காதுக்கு எட்டாமல் சொன்னார். "அந்தக் கருங்கல்லு அங்கயே இருந்தா சுத்தி நூறு அடி யாரும் தொட முடியாதும்மா. உங்க பக்கம் முழுக்க அதுக்குள்ள அடங்கிடும். அது போச்சுன்னா, என்னால ஒண்ணும் ஆகாது. ஆட்சேபத்த விசாரிக்கிற கூட்டத்தன்னிக்கு வெர்டியம்மாகிட்டதான் கேப்பேன்."

ஆக, கம்பெனி கருங்காலிக்குப் பரிசாக நட்ட கல்தான் அம்மாவுக்கு இருந்த ஒரே காவல். ஓர்லீனா அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் பள்ளிக்கூட பீன்ஸில் நிஜமாகவே உப்பில்லை. யாரும் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை அவள் அழகு நிலையத்துக்குள் நுழைந்தாள். வாழ்நாளில் முதல்முறை. சாயம் போட்டுக்கொண்டிருந்தவள் பாதித் தலையோடு எழுந்து ஓடப் பார்த்தாள்.

"உக்காருடி. வேடிக்கைய விட்டுட்டு எங்க போற?" என்றாள் வெர்டி. பிறகு வந்தவளை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள். "வாங்க மகாராணி. முடிய யாரு வெட்டினா? புல்லு வெட்டுற மெஷினா?"

"முடி வெட்ட வரல."

"தெரியுது. வெட்டினாலும் தேறாது."

"உங்கப்பன் கல்ல நகத்தாதே."

"உங்கப்பன்னா யாரு? அவருக்குப் பேரு இருக்கு."

"வெர்டி, எங்கம்மா அங்க இருக்கா."

"எங்க? அங்கதான் நாலு ஓடக்கல்லு மட்டும் கிடக்குதே" என்றாள் வெர்டி. ஆனால் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்துவிட்டாள். "கம்பெனிக்காரன் பெரிய கல்லு தரேங்கிறான். டவுன்ல, தார் ரோட்டு ஓரமா. முட்டி வலிக்க மேடேற வேணாம். எனக்கென்ன வந்தது?"

"அந்தக் கம்பெனிக்குத்தான உங்க வீடு எப்பவும் சலாம் போட்டுச்சு."

"போட்டுச்சு. எங்க குட்டித் தம்பி மூச்சு விட முடியாம நெஞ்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தான், மருந்து வாங்கணும். உங்கப்பா கொடியத்தான் நீட்டுனாரு. கொடிய அரைச்சா ஊத்த முடியும்?"

இது ஓர்லீனாவுக்குத் தெரியாத சங்கதி. தெரிந்துகொள்ள அவள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆனாலும் அவள் வாய் பழக்கப்பட்ட வழியில்தான் போனது. "நாங்க மாவுத் தண்ணி குடிச்சோம்."

"தெரியும். பின்வாசல்ல எங்கம்மா வச்ச இறைச்சிய உங்கப்பா நாய்க்குப் போட்டாரே, அதுவும் தெரியும்." வெர்டி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒண்ணே ஒண்ணு. ஒம்பது வயசுவரைக்கும் சித்தப்பா, சித்தப்பான்னு அவரு தோள்ல தொங்கினவ நீ. அதுக்கப்புறம் ஒருதரம் கூப்பிட்டியா? சாகுறப்பகூட அவரு வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு. கூட்டத்துல, ஊரு முன்னால, ஃபாரிஸ் ஸ்டர்ஜில் எனக்குச் சித்தப்பான்னு சொல்லு. கல்லு அங்கயே நிக்கும். சொல்லலைன்னா மறுநாளே லாரி வரும்."

"அதுக்கு நான் அந்த ஓடத் தண்ணியக் குடிப்பேன்."

"குடி. உன் முடிக்கு அந்த நிறம் எடுப்பா இருக்கும்."

ஓர்லீனா கதவைச் சாத்திய வேகத்தில் கதவு மணி கழன்று விழுந்தது. சாயத் தலைக்காரி அதை எடுத்துக் கொடுத்தாள். மாலைக்குள் ஓடை முழுக்க விஷயம் பரவிவிட்டது.

கூட்டம் நீதிமன்றக் கட்டடத்தின் மேல்மாடியில். வழக்கமாக ஓர்லீனாவும் இரண்டு கிழவர்களும் ஒரு தூங்கும் காவலரும் மட்டும் இருக்கிற கூட்டம் அது. அன்று நிற்க இடமில்லை. இடது பக்கம் மேல்புறத்தார், வலது பக்கம் கீழ்ப்புறத்தார். நடுவில் நடைபாதை, முள்கம்பி மட்டும்தான் இல்லை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்தாடி முன்வரிசையில் நல்ல கோட்டு போட்டு, தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

வக்கீல் முதலில் பேசினார். கம்பெனி இந்த மண்ணை நேசிக்கிறது என்றார். பின்வரிசையில் யாரோ, "நேசிச்சுத்தான் தோண்டி எடுத்துட்டுப் போறாங்க" என்றார்கள். சுற்றுச்சூழல் ஆய்வு மிக நுணுக்கமாக நடந்தது என்றார் வக்கீல். சலவை பூட்ஸ் தலையாட்டினான். பூட்ஸ் அன்றும் சுத்தமாக இருந்தது.

அதிகாரி பிக்ஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஓர்லீனா ஸ்டர்ஜில். மேட்டு மேல ஃபாரிஸ் ஸ்டர்ஜில் கல்லறைன்னு ஒண்ணு கிடையாதுன்னு நீங்க சொன்னதா இருக்கு. இப்ப என்ன சொல்றீங்க?"

அவள் எழுந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டிருந்தாள். பொத்தான்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். இடது பக்கத்திலிருந்து ஒரு கிழவர், அப்பாவோடு கொடி பிடித்தவர், "சொல்லாதடி" என்று முணுமுணுத்தது கேட்டது.

"இருக்கு" என்றாள்.

"யாருடையது?"



"ஒரு கருங்காலியோடது" என்றாள் ஓர்லீனா. வலது பக்கம் நாற்காலிகள் கிரீச்சிட்டன. அவள் குரலை உயர்த்தினாள். "வேலைநிறுத்தத்துல வாசலத் தாண்டிப் போனவரு. ஏன் போனாருன்னு யாரும் கேக்கல, நானும் கேக்கல. ஃபாரிஸ் ஸ்டர்ஜில். எங்கப்பா கூடப் பிறந்தவரு." வெர்டி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். "எனக்குச் சித்தப்பா. எழுதிக்குங்க. ஒரு எழுத்து விடாம எழுதுங்க, இன்னொருதரம் சொல்ல மாட்டேன்."

அதிகாரி எழுதினார். பிறகு வெர்டியைப் பார்த்தார். வக்கீலும் பார்த்தார், அந்தப் பெரிய கல்லை ஞாபகப்படுத்தும் புன்னகையோடு.

வெர்டி எழுந்தாள். முடி ஒன்றுகூடக் கலையவில்லை. கண்ணில் இட்டிருந்த மை மட்டும் ஓரமாகக் கசிந்திருந்தது.

"எங்கப்பா எங்கயும் வரல. டவுன்ல அவருக்கு யாரையும் தெரியாது." பிறகு ஓர்லீனா பக்கம் விரலை நீட்டினாள். "வேலிக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறது ஓடக்கல்லு இல்ல சார். அவரு அண்ணன். கழுதைப் பிடிவாதக்காரன், நல்ல இறைச்சிய நாய்க்குப் போட்டவன். எங்க பெரியப்பா. பக்கத்துல டெல்ஃபியா பெரியம்மா. வரிசையா ஒவ்வொரு பேரும் எனக்குத் தெரியும், சொல்றேன், எழுதுங்க. எல்லாம் ஒரே கல்லறைதான்."

பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பேரில்லாத பாறைகளுக்கெல்லாம் எதிரிவீட்டுக்காரி வாயிலிருந்து பேர் வந்தது. ஒன்றில் மட்டும் தவறினாள். ஓர்லீனா உட்கார்ந்தபடியே திருத்தினாள். "அது லூதர் மாமா இல்ல, அவங்க அண்ணன் எலிஷா."

"அந்தக் காதறுந்தவரா?"

"அவருதான்."

அறை சிரித்தது. வக்கீல் தண்ணீர் குடித்தார். சலவை பூட்ஸ் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உரிமத்தைப் புதுப்பித்தார்கள். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை, உரிமத்தை நிறுத்துவதற்காக யாரும் நீதிமன்ற மேல்மாடி கட்டுவதில்லை. மேட்டைச் சுற்றி நூறு அடிக்குக் கோடு போட்டார்கள். அதற்கு வெளியே இருந்த அனைத்தையும் இலையுதிர் காலத்திலேயே வெட்டி எடுத்தார்கள். இப்போது மேடு, பொக்கை வாயில் மிஞ்சிய ஒற்றைப் பல் மாதிரி நிற்கிறது. கீழே வாசலில் காவலாளி. அம்மாவைப் பார்க்கப் போகிறவர்கள் அவனிடம் பேர் கொடுத்து, மஞ்சள் தொப்பி வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். செத்தவர்கள் தலையில் என்ன விழப் போகிறது என்று ஓர்லீனா அவனைக் கேட்டாள். விதி என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, விதிதான் அவனுக்குச் சோறு போடுகிறது.

அடுத்த வருஷம் மே மாதக் கடைசி ஞாயிறு மேல்புறத்தார் ஏறினார்கள். பாஸ்டர் மஞ்சள் தொப்பியோடு ஜெபித்தார். வறுத்த கோழி, அவித்த முட்டை, வாழைப்பழப் புட்டிங் எல்லாம் மஞ்சள் தொப்பிகளுக்கு அடியில் நடந்தது. கீழ்ப்புறத்தார் வரவில்லை, அவர்களுடைய ஞாயிறு ஜூனில்தான். வேலியும் அங்கேயே இருக்கிறது. ஒரு கூட்டத்தில் கரைந்துபோகிற கம்பியா ஆன்சல் கட்டியது?

அதிகாரி அனுப்பிய பலகை வேலிக் கம்பத்தில் இருந்தது: "ஆன்சல் – ஃபாரிஸ் ஸ்டர்ஜில் கல்லறை." ஓர்லீனா அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். மூத்தவர் பேர் முன்னால் இருந்தது. அதுதான் முறை. திருப்தியோடு அம்மாவின் கூழாங்கல் கரையைச் சீராக்கி, பிளாஸ்டிக் லில்லிப் பூக்களைக் கோணாமல் நட்டாள்.

ஒரு கொத்து மிஞ்சியது. அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் புட்டிங்கில் இருந்தார்கள். கம்பிக்கு மேலாகக் குனிந்து, "உண்மையுள்ள ஊழியர்" என்று வெட்டியிருந்த கல்லின் காலடியில் அதைப் போட்டாள்.

"என்ன அத்தை பண்றீங்க?" என்றாள் அண்ணன் மகள்.

"அடுத்த தரம் ஆராய வர்ற தடிப்பய கண்ணுக்குத் தெரியணும்ல" என்றாள் ஓர்லீனா. கொத்து சரிந்து கிடந்தது. கம்பிக்குள் கையை விட்டு, முள் கீறியதைப் பொருட்படுத்தாமல், அதை நேராக நிமிர்த்தி வைத்தாள்.